நுவரெலியா உயரத்தில் கலவளர்ப்பு: 5% காபனீரொட்சைட்டு போதுமா?

கேள்வி: கொழும்பில் ஒழுங்காக இயங்கிய இன்கியூபேட்டரையும் (கலங்களை வளர்க்கும் பெட்டி) பழைய ஓட்டோகிளேவையும் (நீராவியால் கிருமியழிக்கும் கலன்) நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தோம். காபனீரொட்சைட்டு 5% என்று காட்டியும் நரம்புக்கலங்கள் வளரும் திரவமான ஊடகம் இளஞ்சிவப்பாகிறது. கிருமியழிப்பைச் சோதிக்க ஓட்டோகிளேவில் வைத்த வித்திக் காட்டியிலுள்ள பற்றீரியா வித்திகளும் சாகவில்லை. இரண்டும் பழுதா?

பதில்: இயந்திரங்களைக் குறை சொல்லுமுன் உயரத்தைப் பாருங்கள். கொழும்பில் வளியமுக்கம் ஏறக்குறைய 101 கிலோபஸ்கால். 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 81 தான். ஊடகத்தின் பிஎச்சை (அமில-கார அளவை) தீர்மானிப்பது காபனீரொட்சைட்டின் சதவீதமல்ல, பகுதியமுக்கம், அதாவது மொத்த வளியமுக்கத்தில் அந்த வாயுவின் பங்கு. கொழும்பில் 5% என்பது 5.07 கிலோபஸ்கால், உங்களிடம் அதுவே 4.05. பிஎச் 0.1 ஏற இது போதும்; பிஎச் ஏறினால் ஊடகம் இளஞ்சிவப்பாகும், இறங்கினால் மஞ்சளாகும். நரம்புக்கலங்கள் இத்தகைய மாற்றத்தால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவை. ஈடுசெய்ய நுவரெலியாவில் ஏறக்குறைய 6.2%, தலவாக்கலையில் 5.8%, கண்டியில் 5.3% வேண்டும். கணக்குப் பார்க்கக் கைபேசி வானிலையில் 1010 என்று வரும் வளியமுக்கத்தை எடுக்காதீர்கள். அது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண்.

உடனே 6.2ஐ அழுத்திவிடவும் கூடாது. முதலில் இன்கியூபேட்டரில் காபனீரொட்சைட்டை அளக்கும் உணரி எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். வெப்பக்கடத்தாற்றை அளக்கும் உணரி கனவளவுச் சதவீதத்தையே காட்டும், அதற்கு 6.2 சரி. அமுக்கத் திருத்தமில்லாத செங்கீழ்க்கதிர் உணரியோ அறையிலுள்ள மூலக்கூறுகளை எண்ணுவதைப் போல வேலை செய்கிறது. கொழும்பில் கலிபரேட் செய்திருந்தால் இங்கே 5 என்று காட்டும்போது பகுதியமுக்கம் ஏற்கெனவே சரிதான். அதில் 6.2 வைத்தால் ஊடகம் மஞ்சளாகச் சாயும். உங்கள் ஊடகம் இளஞ்சிவப்பானதால் இரண்டிலொன்று: முதல் வகை உணரி, அல்லது இங்கே வந்தபின் யாரோ இரசாயன வாயுச்சோதனைக் கருவியை வைத்துச் சதவீதத்துக்குத் திருத்தியிருக்கிறார்கள்.

தீர்ப்பை ஊடகமே சொல்லட்டும். 10 மில்லிலீற்றர் புது ஊடகத்தைத் தட்டில் ஊற்றி, மூடியை இறுக்காமல் ஓரிரவு உள்ளே வையுங்கள். 37 பாகைக்குத் திருத்திய மின்வாயால், வெளியே எடுத்த ஒரு நிமிடத்துக்குள் பிஎச்சை அளவிடுங்கள். சுணங்கினால் வாயு வெளியேறி எண் பொய்யாகும். அளக்குமுன் போத்தலின் லேபிளையும் வாசியுங்கள்: லீற்றருக்கு 2.2 கிராம் சோடியம் இருகாபனேற்று என்றால் 7.4ஐ ஒட்டி வரவேண்டும். 3.7 கிராம் உள்ள ஊடகம் கொழும்பிலேயே 5%இல் 7.6க்கு மேல்தான் நிற்கும். அதற்கு உயரத்தைக் குற்றம் சொல்வது வீண். நல்ல ஊதாவாகவே ஆகிவிட்டால் சிலிண்டர் தீர்ந்ததா, குழாய்க் கசிவா, உள்வரும் வடிகட்டி அடைப்பா என்று பாருங்கள்.

ஓட்டோகிளேவின் கதையும் இதுதான். கிருமியழிக்கத் தேவையான 121 பாகை நீராவிக்கு மொத்தம் 205 கிலோபஸ்கால் வேண்டும். அமுக்கமானி காட்டுவது வெளி அமுக்கத்துக்கு மேலுள்ளதை மட்டும். ஆகவே சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் என்று நம்பி நீங்கள் எடுத்தது 118 பாகைதான். இங்கே 18 இறாத்தல் தேவை. ஆனால் காப்பு வால்வு அதற்குக் கீழேயே திறக்கும்படி அமைந்திருந்தால் அதைக் கட்டிப்போட்டோ முறுக்கியோ ஏற்றாதீர்கள், உயிராபத்து. பராமரிப்புப் பொறியியலாளரே அதைத் தொடவேண்டும். அதுவரை 15 நிமிடத்துக்குப் பதிலாக 35 நிமிடம் வைத்து, வித்திக் காட்டியால் மறுபடி சோதியுங்கள். தொடக்கத்தில் உள்ளிருக்கும் வளியை முழுதாக வெளியேற்றாவிட்டால் எத்தனை நிமிடம் வைத்தும் பயனில்லை. வெப்பமானியால் தானே கட்டுப்படும் புதிய மொடல்களுக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை.

திறக்கும்போதும் கவனம். இங்கே நீர் 94 பாகையில் கொதிக்கும். அமுக்கத்தை வேகமாக இறக்கினால் போத்தல்கள் பொங்கி வழியும்; உள்ளே 80க்குக் கீழ் இறங்கும்வரை பொறுங்கள். கொழும்பிலிருந்து கலங்கள் வருவதானால் பிளாஸ்க்குகளை வாய்வரை ஊடகத்தால் நிரப்பச் சொல்லுங்கள். வளி விட்டு இறுக மூடியவை மலையேறும்போது, உள்ளிருக்கும் வளி கால்பங்கு விரிந்து மூடியோரம் கசியும். கசியும் இடத்தால் பூஞ்சணம் நுழையும்.