அப்பா இன்னும் கேட்காத எபிசோட்

கேள்வி: எனக்கு வயது 34. வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு வருடமாகத் தொழில் பற்றிய பாட்காஸ்ட் ஒன்று நடத்துகிறேன். வாரம் ஒரு எபிசோட். இதுவரை 96 வந்திருக்கின்றன. சராசரியாக ஒன்றுக்கு 300 டவுன்லோட். ஒரே ஒரு எபிசோட் மட்டும் 11,000 தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது என் அப்பாவின் அச்சகம் நொடித்துப்போன கதை. ஆஃப்செட் மெஷினைக் கடனில் வாங்கினார், வட்டி கட்ட முடியவில்லை, நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது மூடிவிட்டார். பிறகு வேறொருவர் அச்சகத்தில் வேலைக்குப் போய் 11 வருடத்தில் கடனை அடைத்தார். இப்போது எங்களுடன்தான் இருக்கிறார். அவருக்கு பாட்காஸ்ட் எல்லாம் தெரியாது, அதனால் அந்த எபிசோடைக் கேட்டதில்லை. உடனடிக் கடன் தரும் ஆப் ஒன்று அந்த எபிசோடில் விளம்பரம் சேர்க்கக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதே கதையை வைத்து ‘என் அப்பா செய்த 7 தவறுகள்’ என்று கட்டண வகுப்பும் தொடங்கப்போகிறேன். இதிலிருந்து பேசிவ் இன்கம், அதாவது தொடர்ந்து உழைக்காமலே வரும் வருமானம், வர ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிடலாமா? மனைவி, ஒரு குழந்தை இருக்கிறார்கள்.

பதில்: தம்பி, வேலையை விடலாமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. விடக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்காஸ்ட் விளம்பரத்துக்கு ஆயிரம் டவுன்லோடுக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கே அது பெரும்பாலும் 15 முதல் 30 டாலர். உங்களுக்கு 20 கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மாதம் நான்கு எபிசோட், தலா 300 என்றால் 1,200 டவுன்லோட். கைக்கு வருவது 24 டாலர். ஒரு எபிசோடில் இரண்டு விளம்பரம் வைத்தால் 48. இதை நம்பி மாதச் சம்பளத்தை விடுகிறேன் என்றால், ரிஸ்க் எடுப்பது நீங்கள் மட்டும் இல்லை. குழந்தையின் பள்ளிக் கட்டணத்தையும் அப்பாவின் மருந்துச் செலவையும் சேர்த்துப் பந்தயம் வைக்கிறீர்கள். அந்த உரிமை உங்களுக்கு இல்லை.

மற்ற வழிகளும் உண்டு. ஆப்பிளின் பாட்காஸ்ட் ஆப்பில் கட்டணச் சந்தா வைத்தால் முதல் வருடம் 30 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், சந்தாதாரர் தொடர்ந்தால் அடுத்த வருடத்திலிருந்து 15. யூடியூபில் நீளமான வீடியோவாகப் போட்டு விளம்பரப் பங்கு வாங்க 1,000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். எல்லாம் நடக்கக்கூடியதுதான். ஆனால் எதுவும் நீங்கள் தூங்கும்போது தானாக நடக்காது. ஆள் பிடிப்பது, பேசிப் பதிவு செய்வது, இருமலையும் இழுவையையும் வெட்டி எடுப்பது, குறிப்பு எழுதி ஏற்றுவது என்று ஒரு எபிசோடுக்குக் குறைத்துச் சொன்னாலும் 10 மணி நேரம். வருடத்துக்கு 520 மணி. அமெரிக்க வருமான வரி விதிகளில், ஒரு தொழிலில் ஒருவர் வருடத்துக்கு 500 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் அந்த வருமானத்தைப் பேசிவ் என்று காட்ட முடியாது. வரி வாங்குகிறவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. உழைத்தால் அது உழைத்த காசு.

பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். உங்களைப் போல எழுதுகிறவர்கள் நிறையப் பேர், எல்லோருக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்டி வர முடியவில்லை.

“அவருக்கு பாட்காஸ்ட் எல்லாம் தெரியாது, அதனால் அந்த எபிசோடைக் கேட்டதில்லை.”

அந்த ‘அதனால்’ உண்மைதானா? அவருக்கு பாட்காஸ்ட் தெரியாது என்பதால் கேட்கவில்லையா, நீங்கள் போட்டுக் காட்டவில்லை என்பதால் கேட்கவில்லையா? ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். போனில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். இரண்டு வருடமாக நீங்கள் அதை அழுத்தவில்லை. 11,000 முறை முகம் தெரியாதவர்களின் போன்களில் இறங்கிய கதை, அடுத்த அறையில் இருப்பவரை மட்டும் எட்டவில்லை. கேட்டால் என்ன சொல்வாரோ என்று உங்களுக்கு உள்ளுக்குள் தெரியும். அதனால்தான் போட்டுக் காட்டவில்லை. நான் தப்பாகச் சொன்னால் எழுதுங்கள், அடுத்த இதழில் மன்னிப்புக் கேட்கிறேன்.

96 எபிசோடில் உங்கள் பேசிவ் இன்கம் கனவுக்குக் கொஞ்சமாவது பொருந்துவது அந்த ஒன்றுதான். நீங்கள் தொடாமலே ஓடுகிறது, தொடாமலே ஆளைக் கூட்டிவருகிறது. காரணத்தை யோசித்தீர்களா? அதற்கான உழைப்பை வேறொருவர் முன்பே போட்டுவிட்டார். மெஷின் முன்னால் நின்றவர் அவர், கடன்காரர் வாசலில் வந்து நின்றபோது எழுந்து போய்ப் பதில் சொன்னவர் அவர், சொந்த அச்சகத்தை மூடிவிட்டு இன்னொருவர் அச்சகத்தில் கூலிக்கு நின்றவரும் அவர்தான். நீங்கள் மைக் முன்னால் உட்கார்ந்து அதைச் சொன்னீர்கள். சொல்வதும் வேலைதான், குறைத்துப் பேசவில்லை. ஆனால் உங்களுக்கு அது பேசிவ் என்றால், அதற்கான விலையை அவர் கட்டிவிட்டார் என்றுதான் அர்த்தம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை விற்பதற்குப் பெயர் வேறு.

இப்போது அந்த விளம்பரத்துக்கு வருவோம். முன்பெல்லாம் விளம்பரத்தை எபிசோடோடு சேர்த்துப் பதிவு செய்வார்கள், அது அப்படியே கிடக்கும். இப்போது யாராவது டவுன்லோட் செய்யும் நேரத்தில், எபிசோடுகளை ஏற்றி வைத்திருக்கும் ஹோஸ்டிங் தளமே இடையில் விளம்பரத்தைச் செருகுகிறது. அதனால்தான் பழைய எபிசோடுக்கும் இன்றைய ஸ்பான்சர் வருகிறார். உங்கள் எபிசோடில் அது எப்படி ஒலிக்கும் என்று மனதில் ஓட்டிப் பாருங்கள். “வட்டி கட்ட முடியாமல் அப்பா மெஷினை விற்றார்” என்று உங்கள் குரல். ஒரு நொடி அமைதி. உடனே துள்ளலான இசையோடு, ஐந்து நிமிடத்தில் கடன், ஆவணம் தேவையில்லை. பிறகு மறுபடி உங்கள் குரல், “அந்தக் கடனை அடைக்க 11 வருடம் ஆனது.” உங்கள் அப்பாவைப் போலவே கடனில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் ஒருவர்தான் அந்த எபிசோடைத் தேடி வந்து கேட்பார். அந்த ஆளைத் தேடித்தான் அந்த ஆப் உங்களிடம் வந்திருக்கிறது. இது உங்களுக்குத் தோன்றவில்லையா? தோன்றியும் ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப் போடுகிறீர்களா?

அப்புறம் அந்த 7 தவறுகள். இந்த இடத்தில் எனக்குக் கோபமே வந்தது. அச்சகம் மூடும்போது நீங்கள் எட்டாம் வகுப்பு. எந்தப் பேரேட்டைப் பார்த்து ஏழு என்று எண்ணினீர்கள்? கடனில் மெஷின் வாங்கியது தவறு என்கிறீர்கள். பழைய அச்சுக்கோப்பு முறையிலேயே இருந்து, ஆஃப்செட்டுக்கு மாறாததால் வேலை வராமல் மூடிய அச்சகங்கள் எத்தனையோ. அப்போது அவர் மாறாமல் இருந்து மூடியிருந்தால், ‘காலத்துக்கேற்ப மாறாதது’ என்று அதையும் ஒரு தவறாக வகுப்பில் சேர்த்திருப்பீர்கள். வட்டி எத்தனை சதவீதம்? அவருக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு, யார் யார் தரவில்லை? கைநிறைய ஆர்டர் இருந்தும், அச்சடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வராததால் மூடிய சிறு தொழில்கள் ஏராளம். காகிதக்காரருக்கு இந்த மாதமே கொடுக்க வேண்டும், வாடிக்கையாளர் ஆறு மாதம் கழித்துக் கொடுப்பார், நடுவில் இருக்கும் ஓட்டையை வட்டிதான் அடைக்கும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது இதுவா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்தவர் வீட்டில் இருக்கிறார், நீங்கள் கேட்கவில்லை. தொழில் பற்றிய பாட்காஸ்ட் நடத்துகிறவர் விவரம் தெரிந்த ஆளை உட்கார வைத்துப் பேசாமல், சின்ன வயதில் காதில் விழுந்ததை வைத்துக் காசுக்குப் பாடம் நடத்தக் கூடாது. மகன் என்ற முறையில் மட்டும் சொல்லவில்லை, உங்கள் தொழிலுக்கே அது அடுக்காது.

அவர் கடனை அடைத்ததற்கு உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. 11 வருடம், தம்பி. முதலாளியாக இருந்த ஒருவர் இன்னொரு முதலாளியின் மெஷினைத் துடைத்துக்கொண்டு, யாரையும் ஏமாற்றாமல், ஊரை விட்டு ஓடாமல், ஒவ்வொரு கடனாக அடைத்திருக்கிறார். அந்த வருடங்களில்தான் நீங்கள் எட்டாம் வகுப்பிலிருந்து வேலைக்குப் போகும் வயது வரை வந்திருக்கிறீர்கள். உங்கள் பாட்காஸ்டில் கேட்கக் கிடைக்காத தொழில் பாடம் அதுதான். முதல் மாதச் சம்பளத்தில் எவ்வளவு கடனுக்குப் போனது, யாருக்கு முதலில் கொடுத்தார், யார் பொறுத்துக்கொண்டார், யார் பொறுக்கவில்லை என்பதையெல்லாம் அவரைத் தவிர யாரும் சொல்ல முடியாது. நீங்கள் அதை நொடித்துப்போன கதை என்று தலைப்பிட்டுவிட்டீர்கள்.

இதில் நான் உங்களை அதட்டுவதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் என் அம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். வீட்டில் பணமில்லாத ஒரு நாள், அவர் தன் அண்ணனிடம் கடன் கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியதைப் பற்றி. வாசகர்கள் கண்ணீர் வந்ததாக எழுதினார்கள். அம்மாவுக்குப் பெருமையாக இருக்கும் என்று நானே பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மெதுவாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அண்ணன் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குவார்களே” என்றார். அவ்வளவுதான். அண்ணன் தன்னை வெறுங்கையோடு அனுப்பியதை அத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றி வந்திருக்கிறார், அண்ணனின் மரியாதைக்காக. எனக்கு அது தெரியாது, நான் கேட்கவில்லை. அச்சான பிறகு எதைத் திரும்ப எடுப்பது? அந்த மாமா அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

உங்களுக்கு என்னைவிடக் கொஞ்சம் வசதி உண்டு. ஹோஸ்டிங் தளத்தில் ஒரு எபிசோடின் ஒலிக் கோப்பை மாற்றலாம், இனிமேல் கேட்பவர்களுக்குப் புதியதுதான் போகும். முழுவதுமாக எடுத்தும்விடலாம். ஏற்கெனவே போனில் இறக்கி வைத்தவர்களிடம் இருப்பதைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. அந்த எபிசோடில் மட்டும் விளம்பரம் வராதபடி வைக்கலாம், கடன் விளம்பரமே வேண்டாம் என்று வகையைச் சொல்லித் தடுக்கும் வசதியும் பல தளங்களில் இருக்கிறது. கடன் ஆப்புக்கு இன்றே முடியாது என்று எழுதிவிடுங்கள். அதற்கு அப்பாவிடம் கேட்கக்கூடத் தேவையில்லை.

மற்றதெல்லாம் அவர் சொல்வதைப் பொறுத்தது. எடுத்துவிடு என்றால் அன்றே எடுத்துவிடுங்கள், 11,000 என்ற எண்ணைக் காட்டி வாதாடாதீர்கள். இங்கே தப்பாகச் சொல்லியிருக்கிறாய் என்றால் திருத்துங்கள். நான் பேசுகிறேன் என்று அவராகச் சொன்னால் மட்டும் மைக்கை அவர் பக்கம் திருப்புங்கள். அப்போது அந்த எபிசோடில் வருகிற பணம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அவர் பெயரில் போகட்டும். வகுப்பு நடத்துவதும் நடத்தாததும் அவர் முடிவு. நடத்தினாலும் அந்தத் தலைப்பு வேண்டாம். உங்கள் குழந்தை வளர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது, தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் முதலில் படிக்கும் வார்த்தை ‘தவறுகள்’ என்று இருக்க வேண்டாம்.

பாட்காஸ்டை நிறுத்தச் சொல்லவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடம் வாராவாரம் செய்வது சின்ன விஷயம் இல்லை. பத்து எபிசோடுக்குள் ஓய்ந்துவிடுகிறவர்கள்தான் நிறையப் பேர். வேலையையும் வைத்துக்கொண்டு தொடருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பாக ஒரு மாலை ஒதுக்குங்கள். உங்கள் மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். அப்பா ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் போடுங்கள். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடாதீர்கள். எபிசோட் முடியும் வரை அவர் எதிரில் உட்காருங்கள், முடிந்ததும் அவர் பேசும் வரை காத்திருங்கள்.