டாக்டரம்மா பதில்கள்: அட்டை இருக்கிறது, மயக்க டாக்டர் எங்கே?

(பதில் அளிப்பவர், அரசு மருத்துவமனைகளில் மயக்கவியல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

என் அப்பாவுக்குக் குடலிறக்கம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரியில், 'மயக்க டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்கிறார்கள். அப்புறம் இந்த அட்டை எதற்கு?
வாசகர், தருமபுரி மாவட்டம்

உங்கள் கோபம் நியாயம்தான் தம்பி. செலவை யார் கட்டுவது என்பதற்கு அந்த அட்டை பதில் சொல்லும். ஆபரேஷன் டேபிளின் தலைமாட்டில் நிற்க ஆள் இருக்கிறாரா என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது நான் பணியில் இருந்தேன். 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம். 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைத்த பிறகு 5 லட்சம். 2022-ல் வருமான வரம்பும் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. இவை எல்லாமே செய்ய வேண்டிய காரியங்கள். நகையை அடகு வைத்துவிட்டு ஆபரேஷனுக்கு வந்தவர்களைப் பார்த்தவள் நான். இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பந்திக்கு மேலும் மேலும் இலை போட்டோமே தவிர, பரிமாறுகிறவர்களை அந்த அளவுக்குக் கூட்டவில்லை.

ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் மயக்க மருத்துவர் ஒருவர்தான். அதிலும் சீமாங் மையம், அதாவது 24 மணி நேரமும் சிக்கலான பிரசவம் பார்க்கும் இடம் என்றால், சிசேரியனுக்குத்தான் முதல் உரிமை. தாயும் குழந்தையும் காத்திருக்க முடியாது, உங்கள் அப்பாவின் குடலிறக்கம் காத்திருக்கலாம். எந்த மயக்க டாக்டரும் இப்படித்தான் முடிவெடுப்பார், நானும் எடுத்திருக்கிறேன். தள்ளிப்போடப்பட்ட பெரியவர் காலையிலிருந்து சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய் 'நாளைக்குப் பார்க்கலாம் ஐயா' என்று சொல்வதுதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி.

காப்பீட்டுப் பணம் அரசு ஆஸ்பத்திரிக்கும் வருகிறதே, அதில் ஆள் போடக்கூடாதா என்று கேட்பீர்கள். அந்தப் பணத்தில் கருவி வாங்கலாம். நிரந்தரப் பணியிடம் வேண்டுமென்றால் அரசாணை வர வேண்டும். அது வரும்வரை, இருக்கிற டாக்டர்தான் முன் அனுமதிக்கான படிவம், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி என்று காகித வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார்.

2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். கிருஷ்ணகிரியும் நாமக்கல்லும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல செய்திதான். ஆனால் படிப்பு நாலரை வருடம், பயிற்சி ஒரு வருடம், மேற்படிப்பு மூன்று வருடம். அங்கே முதலில் சேர்ந்த பிள்ளை மயக்க மருத்துவராக வெளியே வருவதற்கு 2030 ஆகிவிடும். அதுவரை அந்தக் கல்லூரிகளுக்கும் பேராசிரியர்கள் வேண்டும். அரசுப் பணியில் ஏற்கெனவே இருக்கும் நிபுணர்களைத்தானே அதற்கும் நாட வேண்டியிருக்கிறது?

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கே போங்கள். ஈசிஜி, சர்க்கரை, ரத்தப் பரிசோதனைகளை இப்போதே தாலுகா ஆஸ்பத்திரியில் எடுத்து, சீட்டுகளைக் கையோடு கொண்டு போங்கள். இன்னொன்று, மிக முக்கியம்: வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் நாள் பார்க்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டியும் முன்பணம் கேட்கிறார்கள். கேட்கலாமா?
வாசகி, சேலம்

திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி, திட்டத்தில் உள்ள சிகிச்சை என்றால் கேட்கக் கூடாது. ஆனால் ஒரு ஆஸ்பத்திரி இதயத்துக்குச் சேர்ந்திருக்கும், எலும்புக்குச் சேர்ந்திருக்காது. அதனால் படுக்கையில் சேரும் முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில், 'இந்தச் சிகிச்சைக்கு இங்கே அனுமதி உண்டா?' என்று கேளுங்கள். அனுமதி இருந்தும் பணம் கேட்டால், கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் எழுதிக் கொடுங்கள். 104-லும் வழி கேட்கலாம்.

என் மகள் அமெரிக்காவில், பாஸ்டனில் இருக்கிறாள். இன்சூரன்ஸ் இருந்தும் முதல் தடவை டாக்டரைப் பார்க்க இரண்டு மாதம் ஆகும் என்கிறார்களாம். பணக்கார நாட்டிலுமா?
வாசகி, கும்பகோணம்

ஆமாம் அம்மா. அந்த ஊர் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் 2006-லேயே ஏறக்குறைய எல்லோருக்கும் காப்பீடு என்று சட்டம் போட்டது. நாடு முழுவதற்குமான ஒபாமா சட்டம் 2010-ல்தான் வந்தது. பாஸ்டனில் ஊருக்கே பெருமையான ஆஸ்பத்திரிகள் உண்டு, நிபுணர்களுக்கும் குறைவில்லை. காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முதலில் பார்க்கிற குடும்ப டாக்டர்தான் போதவில்லை. அவருக்கு வருமானம் நிபுணரைவிடக் குறைவு. கல்விக் கடனோடு வெளியே வரும் இளைஞர்கள் எந்தப் பக்கம் போவார்கள்? போதாததற்கு, பயிற்சி மருத்துவர் இடங்களுக்கு மெடிகேர் (முதியோருக்கான அந்நாட்டு அரசுக் காப்பீடு) தரும் நிதிக்கு 1997-லேயே உச்சவரம்பு கட்டிவிட்டார்கள். மகளுக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு குடும்ப டாக்டரிடம் பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள். அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் என்று பயிற்சி பெற்ற செவிலியர்களும் பார்த்து மருந்து எழுதுவார்கள். தயங்காமல் போகலாம்.

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடும் என்கிறார் அப்பா.
வாசகி, தேனி

நானும் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்தவள்தான். அங்கே வேலை செய்ததால்தான் பணியில் இருப்போருக்கான ஒதுக்கீட்டில் எனக்கு மேற்படிப்பு கிடைத்தது. அந்த 50 சதவீத ஒதுக்கீடு 2017-ல் நின்றுபோனபோது, இனி கிராமத்துக்கு எந்த டாக்டர் வருவார் என்று நான் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறேன். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் தாலுகா ஆஸ்பத்திரிகளில் நிபுணர்கள் இருப்பதே பெரும்பாலும் இந்த வழியால்தான். அப்பாவிடம் இதைச் சொல்லு.

எம்.ஆர்.பி., அதாவது அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்துவிடு. சேர்ந்ததும் பிரசவ வார்டில் ராத்திரி டியூட்டியைத் தட்டிக் கழிக்காதே. கை பழகுவது அங்கேதான். மேற்படிப்புக்குப் பிரிவு எடுக்கும் நேரம் வந்தால், மயக்கவியலையும் யோசித்துப் பார் கண்ணு. தருமபுரிக்காரர் அப்பாவைப் போல எத்தனையோ பேர் உனக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.