பி.எஸ்.ஏ. குறைந்துவிட்டது, நிம்மதியாக இருக்கலாமா?

கேள்வி: எனக்கு 66 வயது. கல்லிடைக்குறிச்சி பக்கம் வயல் பார்க்கிறேன். போன வருஷம் ராத்திரி நாலைந்து தடவை ஒன்றுக்குப் போக எழுந்தேன். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதம்) 4.8 இருந்தது. புராஸ்டேட் வீக்கம் என்று சொல்லி டாம்சுலோசினும் டுடாஸ்டிரைடும் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வருஷமாகச் சாப்பிடுகிறேன். இப்போது 3.1. மகன் போனில் ஒரு கணிப்பானில் போட்டுப் பார்த்துவிட்டு, "கேன்சர் வாய்ப்பு கம்மிதாம்ப்பா" என்கிறான். நம்பலாமா?

பதில்: அண்ணாச்சி, மகன் போட்ட கணக்கு சரிதான். கணக்கில் அந்த மாத்திரையைச் சேர்க்க விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

டுடாஸ்டிரைடு புராஸ்டேட்டைச் சுருக்கும். ஆறு மாதம் சாப்பிட்டாலே ரத்தத்தில் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் இந்த மாத்திரை சாப்பிடுபவரின் அளவை நாங்கள் இரண்டால் பெருக்கித்தான் பார்ப்போம். உங்கள் 3.1 எங்கள் கண்ணுக்கு 6.2. போன வருஷத்து 4.8 இந்நேரம் 2.4 பக்கம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. (நடுவில் மாத்திரை தீர்ந்து பத்திருபது நாள் விட்டிருந்தீர்களா? அறுவடை நேரத்தில் பலரும் விடுவதுதான். விட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், கணக்கே மாறிவிடும்.)

இந்த வகைக் கணிப்பான்களில் பேர்போன ஒன்று 2006-இல் அமெரிக்காவில் வந்தது. அதற்கு அடிப்படை, ஒரு பெரிய ஆய்வில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை மட்டும் சாப்பிட்ட 5,519 ஆண்கள். டுடாஸ்டிரைடின் அண்ணன் போன்ற ஃபினாஸ்டிரைடைச் சாப்பிட்டவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதில் பெரும்பாலானோர் வெள்ளைக்காரர்கள் வேறு. தாமிரபரணிக்கரைக்காரருக்கு அதை அப்படியே பொருத்த எனக்கு மனம் வராது.

6.2 என்றாலே புற்றுநோய் என்று நினைத்துவிட வேண்டாம். 4-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பவர்களுக்குச் சதை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும். நீர்க்கடுப்பு, கிருமித்தொற்று, வெறும் வீக்கம் எல்லாமே பி.எஸ்.ஏ.யை ஏற்றும். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். தொற்று இல்லையென்றால் நாலு முதல் ஆறு வாரம் கழித்து அதே லேபில் மறுபடி ரத்தம் கொடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் சைக்கிள் மிதிப்பதும் தாம்பத்தியமும் வேண்டாம். விரல் பரிசோதனைக்குக் கூச்சப்படாதீர்கள், அரை நிமிஷ வேலை. அப்போதும் இறங்காவிட்டால் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் பயாப்ஸி (சதை எடுத்துப் பார்ப்பது). பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் யூராலஜி (சிறுநீரியல்) பிரிவில் கேளுங்கள்.

ஒருவேளை புற்றுநோய் என்றே வந்தாலும் பதற வேண்டியதில்லை. புராஸ்டேட்டைத் தாண்டாத நோயுள்ள 1,643 பேரை பிரிட்டனில் பதினைந்து வருஷம் கவனித்தார்கள். ஆபரேஷன், கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என எந்த வழியில் போனவர்களிலும் அந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். அந்த முடிவு 2023-இல் வந்தது.

பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒன்றுக்கு அடைத்துக்கொண்டால் பெரும்பாடு. டாம்சுலோசின் தலைசுற்ற வைக்கும், ராத்திரி எழும்போது கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது, சீட்டில் "டுடாஸ்டிரைடு, ஒரு வருஷமாக" என்று எழுதச் சொல்லுங்கள்.