முதல் வெல்டிங் மெஷின்: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

திருச்சியில் இருபத்திரண்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷ வெல்டர் படிப்பு படித்தேன், மீதியெல்லாம் கை பழகிக் கற்றது. வீட்டிலேயே வெல்டிங் பழக ஆசைப்படுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

அண்ணா, தோட்டத்துக்குக் கேட், மாட்டுக்கொட்டகைக்குச் சட்டம், இவ்வளவுதான் என் வேலை. ஆர்க், மிக், டிக் இதில் எதை வாங்கலாம்?

ஆர்க் வாங்குங்க தம்பி, பூச்சு பூசிய ராடை உருக்கி ஒட்டுகிற மெஷின் அது. மிக் என்றால் கம்பி சுருளிலிருந்து தானாக ஓடி வரும், அந்த மெஷினுக்கு வெல்டைக் காக்க கேஸ் சிலிண்டர் வேண்டும். திறந்தவெளியில் காற்றடித்தால் கேஸ் கலைந்து, வெல்டு முழுக்கப் பொத்தல் விழும். டிக்கில் ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி. அழகான வேலைதான், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத இரும்பு) பைப்புக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஆர்கான் கேஸ் செலவு, இரும்பை மினுமினுவென்று சுத்தம் செய்வது, இரண்டு கையும் ஒன்றாக ஓடுவது எல்லாம் சேர்ந்து புதிதாக வருகிறவரைச் சோர வைத்துவிடும். ஆர்க்குக்கு ஒரு ராடும் ஹோல்டரும் போதும். லேசான துரு இருந்தால்கூட ஓட்டிவிடலாம்.

கடையில் 200 ஆம்ப், 250 ஆம்ப், 400 ஆம்ப் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய நம்பரே நல்லதா?

பெட்டியின் முகப்பில் இருக்கும் நம்பரை விடுங்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு தகடு இருக்கும், அதைப் படியுங்கள். அதில் டியூட்டி சைக்கிள் போட்டிருப்பார்கள். 160 ஆம்பில் 60 சதவீதம் என்றால், பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் ஓட்டலாம், நாலு நிமிஷம் ஆறவிட வேண்டும். அந்தத் தகடே இல்லாத மெஷினை நான் வாங்க மாட்டேன். வீட்டு வேலை முக்கால்வாசி 100 ஆம்புக்குள் முடிந்துவிடும். சிங்கிள் ஃபேஸில் ஓடும் 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மெஷின் (எலக்ட்ரானிக் வகை, வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை) தாராளம், ஒரு கையால் தூக்கிவிடலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் மலிவாகக் கிடைக்கிறதே என்று இழுக்கும். அதில் பெரும்பாலானவை ரெண்டு ஃபேஸ் கேட்கும், வீட்டுக்கு வேண்டாம்.

மெஷினில் மிச்சம் பிடித்த பணத்தில் தானாகக் கறுக்கும் ஹெல்மெட் ஒன்றும் தோல் கையுறையும் வாங்குங்கள். பழகுகிறவருக்கு ஹெல்மெட்தான் பாதி வாத்தியார்.

வீட்டு பிளக்கில் போட்டால் எம்.சி.பி. விழுகிறது சார்.

கணக்குப் பாருங்கள். 80 ஆம்பில் ஓட்டும்போது ஆர்க்கில் சுமார் 23 வோல்ட் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1,840 வாட். மெஷினின் இழப்பையும் சேர்த்தால் வீட்டு லைனிலிருந்து 13 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். 16 ஆம்ப் பிளக்கில், மோட்டாரும் ஹீட்டரும் ஓடாத நேரத்தில், இது ஓடும். அதே பிளக்கில் 3.15 எம்.எம். பருமன் ராடு போட்டு 120 ஆம்ப் வைத்தால் தாங்காது. எம்.சி.பி.யைப் பெரிதாக மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் எரியும். மெயினிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்.

ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு வாரமாகப் போராடுகிறேன். எனக்கு வராதா?

வரும். எல்லாருக்கும் முதல் வாரம் ஒட்டும்.

பன்னிரண்டாம் நம்பர் ராடு, அதாவது 2.5 எம்.எம்., 6013 (ராடின் வகை எண்) என்று கேட்டு வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் 5, 6 எம்.எம். தகடு எடை போட்டு வாங்கி வாருங்கள். 80 ஆம்ப் வையுங்கள். குத்தக் கூடாது, தீக்குச்சி கிழிப்பதுபோல் உரசி, பற்றியதும் ஒரு இம்மி தூக்குங்கள். ராடின் கம்பி எவ்வளவு பருமனோ அவ்வளவுதான் இடைவெளி. ராடு எரிந்து குறையக் குறைய கையும் இறங்கிக்கொண்டே வர வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

அடுத்தது கண். புதியவர்கள் எல்லாரும் வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் இரும்பு உருகிக் குட்டையாக நிற்கும், அதைப் பாருங்கள். குட்டை அகலமாகி ஓரம் கரைந்தால் நகருங்கள், ஒல்லியாகி மேடு தட்டினால் நிதானியுங்கள். குட்டையின் மேல் மிதந்து வருவது ஸ்லாக், ராடின் பூச்சு உருகி வரும் கசடு. அதுவும் உருகிய இரும்பும் வேறு வேறு என்று உங்கள் கண்ணுக்குப் பிரிந்து தெரிகிற நாள்தான் நீங்கள் வெல்டர். எனக்கு அது தெரிய இரண்டு மாசம் ஆனது. அந்த மத்தியானம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. நூறு ராடு வெறும் தகட்டில் கோடு கோடாக ஓட்டுங்கள், எதையும் ஒட்ட வைக்க வேண்டாம். நல்ல வெல்டில் ஆறியபின் ஸ்லாக் தட்டியதும் ஓடாகக் கழன்று வரும்.

ஸ்கொயர் டியூபில் ஓட்டை விழுகிறது.

1.2 எம்.எம். சுவரில் முதலில் எல்லாருக்கும் விழும். 2 எம்.எம். ராடு, 45 ஆம்ப். ஹோல்டரை மைனஸில் மாற்றிப் போடுங்கள், இரும்பில் சூடு குறையும். நீளமாக இழுக்காமல் டேக் டேக்காக, அதாவது புள்ளி புள்ளியாக வைத்து, இடம் மாறி மாறிப் போடுங்கள். இல்லாவிட்டால் சட்டம் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும்.

ராத்திரி கண்ணில் மணல் கொட்டியதுபோல் இருக்கிறது அண்ணா. வெள்ளரிக்காய் வைக்கலாமா?

கண்ணாடி இல்லாமல் நாலைந்து டேக் அடித்திருப்பீர்கள். அந்தக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து ராத்திரியில்தான் காட்டும். பதினெட்டு வயசில் எனக்கும் வந்தது, விடியும்வரை அழுதேன். தேய்க்காதீர்கள், வெள்ளரிக்காய், பால், தாய்ப்பால், உருளைக்கிழங்கு எதையும் கண்ணில் வைக்கவோ விடவோ வேண்டாம். இருட்டில் ஈரத்துணி போட்டுப் படுங்கள், காலையில் கண் டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இது வரும், அவர்களை விரட்டிவிட்டுத்தான் ஆர்க்கைப் பற்ற வையுங்கள்.

மாடியில் செடி ஸ்டாண்டு செய்யப் பழகுகிறேன். ஷாக் அடிக்குமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள். நான் ஒரு இல்லத்தரசி.

பயம் நியாயமானதுதான் தங்கச்சி. ராடு மாற்றும்போது ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கும். காய்ந்த கையில் ஆபத்து குறைவு, வியர்த்த கையும் ஈரத் தரையும் சேர்ந்தால் பெரிய ஆபத்து. வீட்டில் ஆர்.சி.சி.பி. (ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நம்பாதீர்கள். மெஷினுக்கு உள்ளே வெளியீட்டுப் பக்கம் தனியாகப் பிரிந்திருப்பதால், அங்கே அடித்தால் அது விழாது. ரப்பர் அடி வைத்த ஷூ, காய்ந்த கையுறை, காலுக்கடியில் பலகை. காட்டன் துணி மட்டும். நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். செடிக்குத் தண்ணீர் ஊற்றிய ஈரம் காய்ந்தபிறகு ஆரம்பியுங்கள்.

ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெல்டு செய்தால் பால் குடிக்க வேண்டுமாமே?

பால் புகையைத் தடுக்காது. மேலே பூசிய துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை வரும். அதை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர்ஜுரம் மாதிரி நடுக்கும். பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிட்டு, வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்க, முகம் புகைக்குள் போகாமல் ஓட்டுங்கள்.

காலி டீசல் டிரம்மை வெட்டி அடுப்பு செய்யலாமா?

கூடாது. காலி டிரம்தான் வெடிக்கும், உள்ளே ஆவி நிற்கும். கழுவினேன், ஒரு மாசம் வெயிலில் வைத்தேன் என்றாலும் கூடாது. பெட்ரோல் டேங்க்கும் அப்படியே. என்னிடம் யார் கொண்டு வந்தாலும் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

முதலில் என்ன செய்து பார்க்கலாம்?

செருப்பு ஸ்டாண்டு, செடி ஸ்டாண்டு, பட்டறை மேஜை. செய்ததில் ஒரு வெல்டு இணைப்பைச் சுத்தியலால் அடித்து உடைத்து, உள்ளே இரும்பு பிடித்திருக்கிறதா, ஸ்லாக் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆள் ஏறுகிற ஏணி, பிள்ளை ஆடுகிற ஊஞ்சல் இரண்டையும் ஒரு வருஷத்துக்குத் தொடாதீர்கள்.