எந்த வருடத்து வீடு?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பழைய மாளிகைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அருங்காட்சியகமாக்கப்பட்ட ஒரு மாளிகைக்குக் குடும்பத்தோடு போனோம். ஏமாற்றம்தான். எல்லா ஜன்னல்களிலும் திரை, உள்ளே அரையிருட்டு. அறை வாசலிலேயே கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள். வழிகாட்டி சரவிளக்கின் பெருமையை ஒப்பித்தார். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். யாரும் வாழாத வீட்டில் பார்க்க என்னதான் இருக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் இருட்டு. பழைய துணி, நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்வது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். வெளுத்த சாயம் வெளுத்ததுதான், திரும்பாது. கண் பழகும்வரை கொஞ்சம் நின்றால் அறை துலங்கும். கயிற்றுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. எனக்கும் அது எரிச்சல்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்படிப்பட்ட வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: இது எந்த வருடத்து வீடு? கட்டிய வருடத்தைக் கேட்கவில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டில் சுவர் நிறம் மாறியிருக்கும், அறைகள் இடம் மாறியிருக்கும். அருங்காட்சியகமாக்கும்போது ஏதோ ஒரு நாளில் அதை நிறுத்தியாக வேண்டும். அந்த நாளை யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்கிறார்.

லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் அதைத் தானே செய்துகொண்டார். தன் வீட்டை முடிந்தவரை விட்டுப்போன நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று 1833-இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வைத்தார். 1837-இல் இறந்தார். அந்தச் சட்டத்துக்கு மகனோடு இருந்த மனஸ்தாபமும் ஒரு காரணம். சொத்துத் தகராறு எவ்வளவு நல்ல அருங்காட்சியகத்தைத் தந்திருக்கிறது பாருங்கள்! இங்கிலாந்தின் கால்க் அபே என்ற மாளிகை இன்னொரு விதம். எதையும் தூக்கிப்போடாத குடும்பம் அது. 1985-இல் பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தபோது பழைய பொலிவுக்குக் கொண்டுபோகவில்லை. உரிந்த சுவர்க்காகிதத்தை அப்படியே விட்டுவைத்து, மேலும் சிதையாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள்.

எதைக் காட்டுவது என்று முடிவெடுக்கும்போதே எதை மறைப்பது என்பதும் முடிவாகிவிடுகிறது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகைக்கு வருகிறவர்கள் வெகுகாலம் அவருடைய நூலகத்தையும் அவர் வடிவமைத்த கருவிகளையும் பார்த்துத் திரும்பினார்கள். அவர் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அவர்களில் ஒருவரான சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் அறை, பார்வையாளர்களின் கழிப்பறையாக மாற்றப்பட்டிருந்தது. 2018-இல்தான் அவருடைய கதையைச் சொல்லும் இடமாக அதைத் திறந்தார்கள்.

அதனால் அடுத்த முறை வரவேற்பறையில் அதிக நேரம் நிற்காதீர்கள். சமையலறை எங்கே, தண்ணீர் எப்படி மேலே போனது, வேலைக்காரர்கள் எங்கே படுத்தார்கள் என்று வழிகாட்டியைக் கேளுங்கள். ஒப்பிக்கிறவர்கூட அப்போது ஒப்பிப்பதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பிப்பார், பார்த்திருக்கிறேன். அப்புறம், பின்பக்கப் படிக்கட்டு திறந்திருந்தால் ஏறிப்பாருங்கள். தேய்ந்த படிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சரவிளக்கு எங்கே போய்விடப் போகிறது, இறங்கி வந்து பார்த்துக்கொள்ளலாம்.