எல்மோ வருவானா? பொம்மைகள் நடித்த பெக்கெட் நாடகம்: கேள்வி பதில்

கே: அக்கா, 'செசமி ஸ்ட்ரீட்' பொம்மை நிகழ்ச்சியில் ஐரிஷ் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் நாடகம் வந்ததாமே, நிஜமா?

ப: நிஜம்தான். குக்கி மான்ஸ்டர் என்ற நீலப் பொம்மை கோட்டு மாட்டிக்கொண்டு, பெரிய நாற்காலியில் சாய்ந்தபடி, 'அலிஸ்டர் குக்கி' என்ற பெயரில் நாடகங்களை அறிமுகம் செய்து வந்தது. அந்தப் பகுதிக்கு 'மான்ஸ்டர்பீஸ் தியேட்டர்' என்று பெயர். அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் 1971-ல் தொடங்கிய 'மாஸ்டர்பீஸ் தியேட்டர்' என்ற நாடகத் தொடர் வரிசையையும், அதைத் தொகுத்து வழங்கிய அலிஸ்டர் குக்கையும் வைத்துச் செய்த கேலி அது. பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ'வை வைத்து அதில் வந்ததுதான் 'வெயிட்டிங் ஃபார் எல்மோ'. எல்மோ என்பது அந்த நிகழ்ச்சியின் சிவப்புப் பொம்மை.

கே: 'கோடோ' பெரியவங்களுக்கே புரியாது. குழந்தைக்கு என்ன புரியும், மேடம்?

ப: காத்திருப்பது புரியும். அப்பா இன்னும் வரலையே என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்காத குழந்தை உண்டா? 1953-ல் பாரிஸில் மேடையேறிய மூல நாடகத்தில் இருப்பது ஒரு சாலை, ஒரு மரம், கோடோவுக்காகக் காத்திருக்கும் இருவர். மாலையானால் ஒரு சிறுவன் வந்து, 'இன்றைக்கு வரமாட்டார், நாளை வருவார்' என்று சொல்லிவிட்டுப் போவான். பொம்மைகளிலும் அதே மொட்டை மரம். அடியில் குரோவர், டெலி என்ற இரண்டு பொம்மைகள். எல்மோ வந்தபாடில்லை. கடைசியில் மரத்துக்கே பொறுமை போய்விடுகிறது. இந்த நாடகம் ஒன்றும் விளங்கவில்லை என்று அலுத்துக்கொண்டு, அது கிளம்பிப் போய்விடும்! இருவரும் அதன் பின்னால் ஓடுவார்கள். பெக்கெட்டின் இரண்டாம் அங்கத்தில் அந்த மொட்டை மரத்தில் நாலைந்து இலைகள் துளிர்த்திருக்கும். அசையாத அந்த உலகத்தில் மாறுவது மரம்தான். இங்கேயும் மரம்தான் மாறுகிறது. மூலத்தை ஊன்றிப் படித்தவர்கள் எழுதியது என்றே எனக்குப் படுகிறது.

கே: எல்லாமே இவ்வளவு நல்லா இருக்குமா?

ப: இருக்காது. 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' கேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலம், மாடியில் எஜமானர்களும் கீழே வேலைக்காரர்களும் வாழும் பிரிட்டிஷ் தொடர். பொம்மைகளில் குரோவர் படியேறி இறங்குவதோடு சரி. மேல், கீழ் என்ற பாடம் கிடைக்கிறது. தொடரிலிருந்து வந்தது பெயர் மட்டுமே.

கே: பிள்ளைகளுக்குத் தெரியாத நாடகத்தை ஏன் கேலி செய்யணும்?

ப: பெற்றோரும் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. பார்த்ததைப் பற்றிப் பெரியவர்கள் பேசினால் பாடம் நன்றாகப் பதியும் என்பது அந்த நிகழ்ச்சிக்காரர்களின் ஆரம்பகால நம்பிக்கை. நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் மூலம் தெரியாத குழந்தையும் சிரிக்க வேண்டும். இல்லையென்றால் அது குழந்தைகள் நிகழ்ச்சியே இல்லை.

கே: பழைய காட்சிகளில் குக்கி வாயில் புகைக்குழாய் இருக்கே?

ப: ஆமாம், கடைசியில் அதையும் தின்றுவிடும். குழந்தைகளுக்குத் தப்பான முன்மாதிரி என்று பிறகு எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு.

கே: என் மகனுக்கு அஞ்சு வயசு, அக்கா. முதல்ல கோடோ கதையைச் சொல்லிடவா?

ப: வேண்டாம்மா. நேராகப் போட்டுக் காட்டுங்கள். 'எல்மோ ஏன் வரலை?' என்று கேட்டால், அவனையே ஒரு காரணம் சொல்லச் சொல்லுங்கள்.