ஒல்லியான உடல்வாகு உள்ளவர், கருமருந்துத் தோட்டா ரைஃபிள் முதன்முதலாக வாங்கும்போது .45-70 கேலிபரைத் தவிர்க்க வேண்டுமா?

தவிர்க்க வேண்டியதில்லை. நீங்கள் தண்டையார்பேட்டையிலிருந்து ஹூஸ்டனுக்குக் குடிபெயர்ந்தவர் என்றும், உருவத்தைப் பார்த்துவிட்டு ".45-70 உன் தோளைப் பெயர்த்துவிடும், .38-55 வாங்கிக்கொள்" என்று கடைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். ஏனென்றால் பெரம்பூரில் பிறந்து வளர்ந்த நானும், வேலை நிமித்தம் நியூ மெக்சிகோவில் இருந்த காலத்தில், இதே சொற்களை ஒரு துப்பாக்கிக் கடையில் கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் நான் எதைச் சுடப் போகிறேன், எவ்வளவு தொலைவில் சுடப் போகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்தே முடிவு கட்டிவிட்டார்.

.45-70 என்பது 1873-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட தோட்டா. முதல் எண் குழலின் விட்டத்தை அங்குலத்தில் நூறில் பங்காகவும், இரண்டாம் எண் கருமருந்தின் எடையைக் கிரெயின் கணக்கிலும் சொல்கிறது. எழுபது கிரெயின் என்றால் ஏறத்தாழ நாலரை கிராம். படை முதலில் பயன்படுத்திய ஈயக் குண்டு 405 கிரெயின், அதாவது 26 கிராம். பின்னர் வந்தது 500 கிரெயின், 32 கிராமுக்குச் சற்று மேல். சுட்டதும் துப்பாக்கி பின்னோக்கித் தோளில் இடிக்கும் உதை எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை குண்டின் எடை, அது வெளியேறும் வேகம், மருந்தின் அளவு, துப்பாக்கியின் எடை ஆகியவையே. ஆகவே ஒரே .45-70 ரைஃபிளில் இலகுவான குண்டைப் போட்டால் அது ஒரு துப்பாக்கி, 500 கிரெயினுக்கு மேற்பட்ட குண்டைப் போட்டால் வேறொரு துப்பாக்கி என்றே சொல்லலாம். தோள் பழகும் வரை இலகுவானதில் இருக்கும் சுதந்திரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்றை அந்தக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. தோளை நோகடிப்பது பெரும்பாலும் தோளில் பதியும் துப்பாக்கிக் கட்டையின் அடிப்பகுதி. பழைய பாணி ரைஃபிள்களில் அது பிறை வடிவில் உள்வளைந்து, மேலும் கீழும் கூர்முனையோடு இருக்கும். பார்ப்பதற்கு அழகு, ஆனால் படுத்தோ குந்தியோ சுடும்போது அந்த முனை எலும்பில் ஏறிவிடும். ஷாட்கன் பாணித் தட்டையான அடிப்பகுதி உள்ளதை வாங்கினால் அதே உதை அகலமாகப் பரவிவிடுகிறது. எடையையும் கவனியுங்கள். உலோக உருவங்களைச் சுடும் சில்லவுட் போட்டியில் 12 பவுண்டு 2 அவுன்ஸ், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோ வரை அனுமதி உண்டு. அந்த எல்லையை ஒட்டிய கனமான குழலே ஒல்லியானவருக்கு நண்பன்.

.38-55 மோசமான தோட்டா என்று நான் சொல்லவில்லை. அதன் ரசிகர்கள் என்மேல் பாய வேண்டாம். மிக மென்மையானது, துல்லியமானது, குறைந்த தொலைவுக்கு அருமையானது. ஆனால் சில்லவுட் போட்டியில் கோழி 200 மீட்டரிலும், பன்றி 300-இலும், வான்கோழி 385-இலும், செம்மறிக்கடா 500-இலும் நிற்கும். பட்டால் மட்டும் போதாது, விழ வேண்டும். இலகுவான குண்டு பட்டுக் 'டங்'கென்ற ஓசை கேட்டபின்பும், கடா லேசாக ஆடிவிட்டு அப்படியே நின்றுவிடுவதை நான் கண்டிருக்கிறேன். இடைப்பட்ட வழி வேண்டுமென்றால் 1887-இல் வின்செஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த .40-65 இருக்கிறது, 400 கிரெயின் அளவிலான குண்டோடு கடாவையும் சாய்க்கும், உதையும் குறைவு. சில்லவுட் ஒன்றே குறி என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால் அதை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. அதன் பித்தளைக் கூட்டை .45-70 கூட்டிலிருந்தே நெருக்கிச் செய்துகொள்ளலாம் என்பதும் ஒரு வசதி.

எதிர்த்திசையில் இழுப்பவர்களும் வருவார்கள். என் அலுவலக நண்பர் ஒருவர் .45-110 வாங்கினார். ஒரு பவுண்டு கருமருந்து 7000 கிரெயின்; .45-70-இல் அது நூறு தோட்டாவுக்கு வரும், அவருடையதில் அறுபத்து மூன்றைத் தாண்டாது. செலவும் கூடுதல், குழலில் படியும் கசடும் கூடுதல், நாற்பது தோட்டா கொண்ட போட்டியின் முடிவில் அவர் தோளைத் தடவிக்கொண்டிருந்ததும் உண்மை. முதல் ரைஃபிளுக்கு நான் .45-70-ஐச் சொல்வதற்குக் காரணம் அதன் வலிமை அன்று. பித்தளைக் கூடு, குண்டு வார்க்கும் அச்சு, பழைய துப்பாக்கி, அறிவுரை சொல்ல ஆள் என எல்லாமே அதற்குத்தான் எளிதில் கிடைக்கின்றன.

ஈயம் வார்ப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். காசிமேட்டில் வலைக்கு ஈயம் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த உலோகம் அந்நியமில்லை. இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்பது பலரும் கையாளும் கலவை. காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் உருக்குங்கள். பெரம்பூர் ரயில் பெட்டிப் பட்டறையான கேரேஜ் ஒர்க்ஸில் பணியாற்றிய என் அப்பாவின் மைக்ரோமீட்டரை நான் கூடவே கொண்டுபோயிருந்தேன். வார்த்த குண்டை அதில் வைத்து, ராட்செட் 'கிளிக்' என்னும் வரை திருகி, .458-க்கும் .459-க்கும் இடையில் அந்த ஒரு 'தவ்' (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். குண்டு, குழலின் உள்ளே சுற்றிச் செல்லும் வரிப்பள்ளத்தைவிட ஒரு தவ் பெரிதாக இருந்தால்தான் மருந்தின் வாயு ஓரமாகக் கசியாமல் இருக்கும். வடசென்னை என்றதும் கத்தியையும் வெட்டுக்குத்தையும் மட்டுமே நினைக்கும் நம் ஊர் நண்பர்கள் சிலர் "உனக்குத் துப்பாக்கி பிடிக்காமலா இருக்கும்" என்று சிரித்தார்கள். எனக்கு அது பட்டறையில் கற்ற அளவுத் துல்லியத்தின் தொடர்ச்சியாகவே பட்டது.

கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். ஹூஸ்டன் காற்று நம் கடற்கரைக் காற்றைப் போலவே ஈரமானது என்பதால், சுட்ட அன்றே சுடுநீரால் குழலைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் துரு முந்திக்கொள்ளும். கூட்டுக்குள் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் விடக் கூடாது. 1873 மாடல் அசல் ஸ்பிரிங்ஃபீல்ட் படைத் துப்பாக்கி கைக்குக் கிடைத்தால், புதிய ரைஃபிள்களுக்கென்று விற்கப்படும் அதிக அழுத்தப் புகையில்லா .45-70 தோட்டாக்களை அதில் போடவே கூடாது. குழலின் பின்பக்கத்தை அடைக்கும் அதன் பூட்டு அந்த அழுத்தத்தைத் தாங்காது.

நீங்கள் கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்று எடுத்துக்கொண்டே இவ்வளவும் எழுதினேன். எச்-ஒன்-பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்; "பழைய மாடல்தானே" என்று எவரேனும் சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள். 1898-க்குள் செய்யப்பட்டவை தனி வகை, ஆனால் இன்று தயாராகும் .45-70 நகல்களுக்கு அந்த விலக்கு கிடையாது. வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு கடைக்குப் போங்கள். அங்கே குழலின் முறுக்கு, அதாவது வரிப்பள்ளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும் நீளம், எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று முதலில் கேளுங்கள்: .45-70-க்குப் பதினெட்டு என்றால் நீளமான 500 கிரெயின் குண்டையும் நிலையாகச் சுழற்றும், பழைய படைத் துப்பாக்கிகளின் இருபத்திரண்டு என்றால் 405-ஐ ஒட்டிய குண்டுகளோடு தொடங்குங்கள்.